வடக்கு நியூ ஜெர்சியில் கருங்கரடி: வீட்டு முற்றத்திலும் மலைப்பாதையிலும் என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது?

#1 வெண்மதி | டென்வில்

வணக்கம். மோரிஸ், சசெக்ஸ், வாரன் கவுண்டிப் பக்கம் வீடு வாங்கி வரும் நம்மவர்கள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். ஏப்ரல் பிறந்தால் கரடி வீட்டை ஒட்டிய டெக் (மரத்தளம்) வரைக்கும் வந்துவிடுகிறது. மணி கட்டிக்கொண்டு நட, மரத்தில் ஏறு, செத்தவன்போல் படு, அமோனியா தெளி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் எது சரி, எது ஆளையே கொல்லும் என்று விவரம் தெரிந்தவர்கள் அளவும் காரணமும் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் உதவும். அனுபவக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே செய்முறை மட்டும் போதும்.

#2 ஓக்மரத்தடி | நியூட்டன்

நல்ல இழை. முதலில் கரடியின் ஆண்டுக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள், பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மார்ச், ஏப்ரலில் குகையை விட்டு வெளியே வரும். அப்போது காட்டில் இளம் புல், சதுப்புநிலத் தழை தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மே கடைசியிலிருந்து ஜூலை வரை இணைசேரும் காலம். ஒன்றரை வயதுக் குட்டிகளைத் தாய் விரட்டிவிடுவதும் அப்போதுதான். ஊருக்குள் திக்குத் தெரியாமல் சுற்றும் கரடிகளில் நிறைய இந்த வயசுதான். ஜூலையில் புளூபெர்ரி. செப்டம்பர் தொடங்கிக் குளிர்காலம் வரும்வரை ஓக் கொட்டை. அந்தப் பருவத்தில் ஒரு கரடி நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். ஓக் கொட்டை காய்க்காத ஆண்டில் உங்கள் தெருவுக்குக் கட்டாயம் வரும்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஏழு பவுண்டு கறுப்புச் சூரியகாந்தி விதை பிடிக்கும் ஒரு பறவைத் தீவனக்கூட்டில் சுமார் 12,000 கலோரி இருக்கிறது. காட்டில் பொழுதெல்லாம் அலைந்து பொறுக்க வேண்டியதை உங்கள் டெக்கில் பத்தே நிமிடத்தில் முடித்துவிடும். அதனால் தீவனக்கூட்டை டிசம்பர் முதல் மார்ச் வரை மட்டும் மாட்டுங்கள். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் தொங்கட்டும். இரவில் உள்ளே எடுத்து வையுங்கள், கீழே சிந்திய விதையையும் கூட்டி அள்ளுங்கள். ஹம்மிங்பேர்டுக்கு வைக்கும் சர்க்கரைத் தண்ணீரையும் இரவில் உள்ளே எடுத்து வையுங்கள்.

குப்பைக்கு வருகிறேன். வண்டி வரும் அன்று காலையில் வெளியே வையுங்கள், முதல்நாள் இரவு வேண்டாம். இந்த ஒரு பழக்கத்தைத் தெரு முழுக்கக் கடைப்பிடித்தாலே கரடி வருவது வெகுவாகக் குறைந்துவிடும். மீன் செதில், கோழித்தோல், ஆட்டெலும்பு எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டு, குப்பை நாளன்று காலையில் எடுத்துப் போடுங்கள். கரடி தாங்கும் தொட்டி வாங்குவதானால் ஐ.ஜி.பி.சி. (அமெரிக்க அரசுத் துறைகளின் கிரிஸ்லி கரடிக் குழு) சான்று இருக்கிறதா என்று பாருங்கள். மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள காப்பகத்தில் பெரிய பழுப்புக் கரடிகளிடம் கொடுத்து, 60 நிமிடம் தாங்கினால்தான் அந்தச் சான்று. ஆனால் சான்று பெற்ற தொட்டியும் தோற்கும். காரணம் அநேகமாக ஒன்றுதான்: பை பிதுங்கும் அளவு திணித்திருப்பார்கள், மூடியின் தாழ்ப்பாள் விழுந்திருக்காது. கடைசி நான்கு விரல் உயரம் காலியாக விட்டு மூடுங்கள். டக் என்று தாழ் விழும் சத்தம் கேட்க வேண்டும்.

தொட்டியை மாதம் ஒருமுறை பிளீச் விட்டுக் கழுவலாம், அல்லது அமோனியா விட்டுக் கழுவலாம். இரண்டையும் ஒருநாளும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். அமோனியா வாடைக்குக் கரடி கொஞ்சம் தயங்கலாம். உள்ளே கறி இருந்தால் தயக்கமெல்லாம் நீடிக்காது.

#3 பாட்டி_கைமணம் | பார்சிப்பனி

ஓக்மரத்தடி அண்ணா சொன்னது இந்த ஊர்க் குப்பைக்குப் பொருந்தும். நம் சமையலுக்கென்று சில இருக்கின்றன, டவுன்ஷிப் துண்டறிக்கையில் வராதவை.

கோடையில் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள். டெக்கில் வடாம் காயும், மோர் மிளகாய் காயும், சில வீடுகளில் கருவாடும். வெயிலில் காய வைப்பதில் தவறில்லை. பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், நாலு மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிட வேண்டும், துணியையும் சேர்த்து. கஞ்சி தோய்ந்த வேட்டித் துணியைக் கொடியிலேயே விட்டால் இரவு அதைத் தேடி வரும். கருவாட்டை மட்டும் வெளியில் வைக்கவே வேண்டாம். ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் காயட்டும்.

அடுத்தது காக்கைக்குச் சோறு. அமாவாசை, திதி நாளில் இதை விட முடியாது என்பது தெரியும், அவர்களிடம் "வைக்காதே" என்று சொல்லவும் மனம் வராது. ஆனால் நெய்யும் பருப்பும் எள்ளும் போட்ட சோற்றைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தால், காக்கை தின்றது போக மிச்சம் கரடிக்குத்தான். நியூ ஜெர்சியில் கரடிக்கு உணவு கொடுப்பது குற்றம், ஆயிரம் டாலர் வரை அபராதம். காக்கைக்கு வைத்தேன் என்பது கரடிக்குத் தெரியாது. ஒரு கைப்பிடி மட்டும், நண்பகலில், கழுவக்கூடிய தட்டில் வையுங்கள். அரைமணி நேரம் ஆள் கண்ணில் படும்படி இருந்து, மிச்சத்தை எடுத்து வந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பெரியவர்களிடம் இந்த முறையைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள், சடங்கும் குறைவதில்லை.

பொரித்த எண்ணெயைப் பின்பக்கத்து மண்ணில் கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மண்ணையே தோண்டும். ஆறிய எண்ணெயைப் பழைய டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்து, குப்பை நாளன்று காலையில் போடுங்கள்.

உரக்குழியில் காய்த்தோலும் காப்பித்தூளும் போதும். சோறு, சாம்பார், பழம், எண்ணெய்ப் பண்டம் போடக்கூடாது. ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு மூன்று பங்கு காய்ந்த இலை போட்டால் வாடை எழாது.

#4 கரிஅடுப்பு | ராக்கவே

கிரில் பற்றி ஒரு வார்த்தை. கம்பியைத் தேய்த்துவிட்டுச் சுத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். கரடி வருவது கம்பிக்கு அல்ல, அடியில் கொழுப்பு சொட்டும் சின்னத் தட்டுக்கு. சமைத்து முடித்ததும் மூடியைப் போட்டு முழுத் தீயில் 15 நிமிடம் எரிய விடுங்கள், பிறகு தேயுங்கள். அந்தத் தட்டைக் கழற்றி வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். கிரிலைக் கராஜில் வைப்பதானால் கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வையுங்கள், சிலிண்டர் உள்ளே போகக்கூடாது. கராஜில் இரண்டாவது ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஐந்து நிமிட வேலைக்குக்கூடக் கதவைத் திறந்து போடாதீர்கள்.

#5 குறிஞ்சிநடை | வெர்னான்

பாதைப் பக்கத்துக்கு நான் வருகிறேன். ஸ்டோக்ஸ், ஹை பாயின்ட், வவயாண்டா, வொர்திங்டன், மவுன்ட் டாமனி எல்லாமே கரடி வாழும் இடங்கள்தான்.

முதலில் தடம் பார்க்கப் பழகுங்கள். ஈர மண்ணில் பின்னங்கால் தடம் மனிதன் வெறுங்காலோடு நடந்தது போலவே இருக்கும். ஆனால் பெருவிரல் வெளிப்பக்கம் இருக்கும், நமக்கு உள்பக்கம். விரலுக்கு முன்னால் சின்னச் சின்னக் குத்து, அது நகம். சாணம் ஜூலையில் கருநீலமாக, பழத்தோலும் விதையுமாகக் கிடக்கும். அக்டோபரில் பழுப்பாக, உள்ளே ஓக் கொட்டை ஓடு நறநறவென்று தெரியும். பளபளப்பாக ஈரமாக இருந்தால் கரடி பக்கத்தில்தான் இருக்கிறது. உளுத்துப்போன மரக்கட்டை பிளந்து கிடப்பதும், கற்கள் புரண்டு அடியில் ஈர மண் தெரிவதும் எறும்பு தேடிய அடையாளம்.

பார்த்துவிட்டால், அது உங்களைப் பார்க்கவில்லையா, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். பார்த்துவிட்டதா, நில்லுங்கள். சாதாரணக் குரலில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், மனிதக் குரல் என்று தெரிந்தால் போதும். குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கரடியைப் பார்த்தபடியே, கண்ணுக்குள் முறைக்காமல், பின்னால் ஒவ்வோர் அடியாக நகருங்கள். அது ஓடுவதற்கு வழி இருக்க வேண்டும். வழியை மறித்து நிற்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் சிக்கல் வரும்.

ஓடாதீர்கள். கரடி மணிக்கு 30 மைலுக்கு மேல் ஓடும். மரத்தில் ஏறாதீர்கள், அது நம்மைவிட வேகமாக ஏறும். பையைக் கழற்றிப் போடாதீர்கள். முதுகில் பை இருப்பது பாதுகாப்பு. பையில் சாப்பாடு கிடைத்துவிட்டால், ஆளை மிரட்டினால் சாப்பாடு வரும் என்ற பாடத்தைக் கரடிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

பின்னங்காலில் எழுந்து நிற்பது தாக்க அல்ல, மூக்கை உயர்த்தி வாடை பிடிக்க. எரிச்சலின் அடையாளங்கள் வேறு. "ஹஃப், ஹஃப்" என்று மூச்சைத் தள்ளும். தரையை முன்னங்காலால் அறையும். தாடையைப் பட் பட்டென்று தட்டும், இரண்டு மரக்கட்டையை மோதினது போலக் கேட்கும். "நீ ரொம்பக் கிட்டே வந்துவிட்டாய்" என்பதுதான் அதன் பொருள். அதற்கும் மேலே பாய்ந்து வந்து சில அடி முன்னால் நின்றுவிடும் பொய்ப் பாய்ச்சலும் உண்டு. அந்த நேரத்தில் நின்ற இடத்திலேயே நின்று கையை உயர்த்திக் கத்த வேண்டும். கரடி நின்றதும் மறுபடி பின்வாங்குங்கள்.

#6 கோத்தகிரி_குமார் | ஃபிராங்க்லின்

குறிஞ்சிநடை, ஒரு சந்தேகம். நீலகிரிப் பக்கம் கரடி என்றாலே யானையைவிடப் பயப்படுவார்கள். கோயில் விளக்கெண்ணெய்க்காகக் கதவை உடைத்து உள்ளே வரும். தேயிலைத் தோட்டத்தில் எதிர்ப்பட்டால் முகத்தைத்தான் குறிவைக்கும். கீழே குப்புறப் படுத்துக் கழுத்தைக் கையால் மூடு என்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு நண்பர்கள் கதையிலும் செத்தவன்போல் படுத்தவன் பிழைத்தான். இங்கே ஏன் வேறு மாதிரி சொல்கிறீர்கள்?

#7 குறிஞ்சிநடை | வெர்னான்

மிக முக்கியமான கேள்வி, குமார். பெயர் இரண்டுக்கும் கரடிதான், ஆனால் பிராணி வேறு.

நம் ஊர்க் கரடி புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் வளர்ந்த இனம். கிட்டத்தில் திடுக்கிட்டால் தப்பி ஓடுவதற்குப் பதில் முன்னேறி அடிப்பது அதன் தற்காப்பு. ஆபத்து போய்விட்டது என்று தோன்றியதும் விட்டுவிடும். அதனால் அங்கே குப்புறப் படுப்பதில் அர்த்தம் இருக்கிறது. இங்குள்ள கருங்கரடி அடர்காட்டு இனம், பயந்தால் மரம் ஏறும் அல்லது ஓடிவிடும். குட்டியோடு இருக்கும் தாய்கூடப் பெரும்பாலும் குட்டியை மரமேற்றிவிட்டு மிரட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் இங்கே ஆளைக் கொல்லும் கரடி எது? கனடாவின் ஸ்டீபன் ஹெரேரோவும் மற்றவர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. 1900 முதல் 2009 வரை வட அமெரிக்கா முழுவதும் காட்டுக் கருங்கரடிகளால் இறந்தவர்கள் 63 பேர். கண்டத்தில் எட்டு ஒன்பது லட்சம் கரடிகள் இருக்கும்போது இது மிகச் சின்ன எண். ஆனால் அந்த மரணங்களில் 88 சதவீதம் இரையாகக் கருதித் தாக்கியவை, அவற்றில் 92 சதவீதம் ஆண் கரடி. அது சத்தம் போடாது, தாடை தட்டாது, தலையைத் தாழ்த்திக்கொண்டு பேசாமல் பின்னாலேயே வரும். விலகினால் மறுபடி வரும். அதன் முன் செத்தவன்போல் படுத்தால் இரை தானாகக் கிடைத்த கணக்கு. கல், கம்பு, தண்ணீர் பாட்டில் எது கிடைத்தாலும் எடுத்து மூக்கிலும் கண்ணிலும் அடியுங்கள், விடாமல் அடியுங்கள். கதையில் வரும் மரமும் உதவாது, படுப்பதும் உதவாது. பிள்ளைகளுக்கு இதைத் தனியாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

#8 ஏரிக்கரை | வெஸ்ட் மில்ஃபோர்ட்

எங்கள் வெஸ்ட் மில்ஃபோர்டில் அப்ஷாவா காப்புக்காட்டில் 2014 செப்டம்பரில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். ஐந்து இளைஞர்கள் நடந்து போனார்கள். எதிரே வந்தவர்கள் கரடி இருக்கிறது என்று எச்சரித்தார்கள். முன்னே போய்ப் படம் எடுத்தார்கள். கரடி பின்தொடர்ந்தது, ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். 22 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். கரடியால் இந்த மாநிலத்தில் பதிவான முதல் மரணம் அது. அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஐந்து பேரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே கூட்டமாக நின்று கத்தியிருக்க வேண்டும். கரடிக்கு ஐந்து பேர் கூட்டம் ஒரு பெரிய பிராணி. பிரிந்து ஓடினால் அது ஐந்து தனித்தனி இரை.

படம் எடுக்கும் தூரத்துக்கு ஒரு அளவு சொல்கிறேன். கையை நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலைக் கரடிமேல் வைத்துப் பாருங்கள். விரல் முழுக்க மறைத்தால் தூரம் பரவாயில்லை. ஓரம் தெரிந்தால் பின்வாங்குங்கள். கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் 50 கெஜத்துக்குள் போவதே சட்டப்படி குற்றம்.

#9 வெண்மதி | டென்வில்

கரடி ஸ்பிரே? இணையத்தில் எல்லோரும் வாங்கச் சொல்கிறார்கள்.

#10 ஓக்மரத்தடி | நியூட்டன்

வாங்கும் முன் சட்டம் பாருங்கள். நியூ ஜெர்சியில் தற்காப்பு மிளகு ஸ்பிரே முக்கால் அவுன்ஸ் வரைதான் வைத்திருக்கலாம். கரடி ஸ்பிரே டப்பா குறைந்தது 7.9 அவுன்ஸ். அதாவது இங்கே கையில் வைத்திருந்தால் நீங்கள்தான் சட்டத்தை மீறியவர். இந்த விதியை மாற்றச் சொல்லிக் கோரிக்கை இருக்கிறது, அதனால் ஒவ்வொரு பருவத்திலும் மாநிலப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்மோக்கியில் அனுமதி உண்டு, கலிஃபோர்னியாவின் யோசமிட்டியில் இல்லை. விமானத்தில் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. போன ஊரில் வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அனுமதி உள்ள இடத்தில் பயன்படுத்தும் முறை: பையின் உள்ளே அல்ல, இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ இருக்க வேண்டும். கரடி 30 அடிக்குள் வரும்போது, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து இரண்டு மூன்று நொடி அழுத்துங்கள். கரடி வந்து நுழைகிற மாதிரி ஒரு மேகத் திரை எழ வேண்டும். கொசு மருந்துபோல் கூடாரத்தின்மேல் அடித்து வைக்கிறவர்கள் உண்டு, அது தவறு. காய்ந்த மிளகு வாடை கரடியை இழுக்கும். கோடையில் காருக்குள் விட்டால் டப்பா வெடிக்கலாம். அடியில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள்.

இங்கே நடப்பவர்களுக்கு விசில், உரத்த குரல், கைத்தடி. காற்று டப்பா ஹார்னும் நல்லது, இரவில் வீட்டு டெக்கில் வைக்கவும் உதவும்.

#11 தேன்கூடு | ஹாப்பட்காங்

கோழி, தேனீ வளர்ப்பவர்களுக்கு மின்வேலி ஒன்றுதான் வழி. கட்டிவிட்டும் கரடி புகுந்தது என்று புலம்புகிறவர்களிடம் பார்த்தால் தவறு மண்ணில்தான் இருக்கும்.

எனர்ஜைசர் (கம்பிக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி) குறைந்தது 0.7 ஜூல். கம்பி ஐந்து வரிசை: தரையிலிருந்து 8, 16, 24, 32, 40 அங்குலம். கீழ்க்கம்பியை மேலே தூக்கினால் அடியில் நுழைந்துவிடும். கூட்டிலிருந்து வேலி மூன்றடி தள்ளி இருக்கட்டும், கை நீட்டினால் எட்டக்கூடாது. எர்த் கம்பி ஆறடிக்குக் குறையாமல் மூன்று, பத்தடிக்கு ஒன்றாக அடியுங்கள். ஒன்றே ஒன்று அடித்து நிறுத்திவிடுவதுதான் முதல் தவறு. கரடியின் தடித்த மயிர் மின்சாரத்தைத் தடுக்கும். மூக்கிலோ ஈரப் பாதத்திலோ நல்ல அடி விழுந்தால்தான் மதிக்கும், அதற்கு மண் வழியாகச் சுற்று முழுமையாக வேண்டும். ஆகஸ்டில் மண் காய்ந்தால் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள்.

வேலியின் தொலைவான மூலையில் வோல்ட்மீட்டர் வைத்து வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள், 5,000 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் முதலில் புல்லைப் பாருங்கள், கம்பியைத் தொடும் ஒவ்வொரு தண்டும் மின்சாரத்தைக் கசியவிடும். கூடு வைத்த அன்றே வேலியும் ஓட வேண்டும். ஒருமுறை தேனை ருசித்த கரடி அடியைப் பொறுத்துக்கொண்டு உள்ளே வரும்.

#12 கூடாரம் | ஸ்ட்ரவுட்ஸ்பர்க், பென்சில்வேனியா

இரவு தங்குகிறவர்களுக்கு. அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடும் மலைப்பாதையின் நியூ ஜெர்சிப் பகுதி 72 மைல். தங்குகொட்டகைகளில் இரும்புப் பெட்டி உண்டு, சாப்பாட்டை அதில் வைத்து தாழைச் சரியாகப் போடுங்கள், குப்பையை அதில் விட்டுப் போகாதீர்கள். பெட்டி இல்லாத இடத்தில் கனிஸ்டர்தான் (கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா) என் சிபாரிசு. மரத்தில் கட்டித் தொங்கவிடுவது படத்தில் எளிது. 12 அடி உயரம், அடிமரத்திலிருந்து ஆறடி தள்ளி, தாங்கும் கிளை என்று தேடிப் பாருங்கள், இருட்டிவிடும்.

கனிஸ்டர்களில் பேர்வால்ட் 450 என்பது 7.2 லிட்டர், 500 என்பது 11.5 லிட்டர். கூடாரத்திலிருந்து நூறடியாவது தள்ளி, சரிவோ ஓடையோ இல்லாத சமதரையில் வையுங்கள், உருட்டிக்கொண்டு போனால் காலையில் கிடைக்காது. பற்பசை, சன்ஸ்கிரீன், ஊறுகாய்ப் பொட்டலம், புளிசாதம் கட்டிய ஃபாயில் எல்லாமே உள்ளே போக வேண்டும். சமைத்த சட்டையோடு தூங்காதீர்கள். குளிர்ந்த காலையில் மூடியின் பிளாஸ்டிக் விறைத்துத் திருகவே வராது. பழைய பிளாஸ்டிக் அட்டையை மூடியின் பூட்டுப் பல்லுக்கு அடியில் செருகித் திருப்புங்கள். நியூயார்க்கின் அடிரோண்டாக் கிழக்கு ஹை பீக்ஸில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை கனிஸ்டர் கட்டாயம்.

#13 பாட்டி_கைமணம் | பார்சிப்பனி

மணி கட்டிக்கொள்வது பற்றி யாரும் சொல்லவில்லையே?

#14 குறிஞ்சிநடை | வெர்னான்

பயன் குறைவு. சின்ன மணியோசை ஓடைச் சத்தத்தில் கரைந்துவிடும், கரடிக்கு அது மனிதன் என்றும் புரியாது. வளைவிலும் ஓடையோரத்திலும் புதர் மண்டிய இடத்திலும் குரல் கொடுங்கள், இரண்டு கைதட்டல். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியாக ஓடுவதை விடுங்கள். நாயை ஆறடி லீஷில் பிடியுங்கள். அவிழ்த்து விட்ட நாய் கரடியைச் சீண்டிவிட்டு நேரே உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே கரடியும் வரும். வீட்டில் இரவு நாயை வெளியே விடும் முன் டெக் விளக்கைப் போட்டு, கதவைத் தட்டிச் சத்தம் எழுப்பி, அரை நிமிடம் பொறுங்கள்.

#15 கரிஅடுப்பு | ராக்கவே

வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்துவிட்டால்?

#16 ஏரிக்கரை | வெஸ்ட் மில்ஃபோர்ட்

வீடானால் அது வந்த வழியை அகலத் திறந்து வைத்து, வழியில் நிற்காமல் வேறு கதவால் வெளியேறுங்கள். அறைக்குள் அடைக்காதீர்கள், அடைபட்டது சுவரையே கிழிக்கும். கீழே அழுத்தித் திறக்கும் கைப்பிடிக் கதவைக் கரடியும் எளிதாகத் திறக்கும். உருண்டைக் குமிழ் போட்டால் தடுமாறும்.

காரையும் அப்படித்தான் திறக்கிறது. உள்ளே ஏறியபின் கதவு சாத்திக்கொண்டால் இருக்கை, கூரை, டாஷ்போர்டு எதுவும் மிஞ்சாது. அதனால் இரவில் காரைப் பூட்டுங்கள், குழந்தை இருக்கையில் சிந்திய பிஸ்கட் தூளைத் துடையுங்கள். உள்ளே கரடி இருந்தால் நீங்கள் திறக்கப் போகாதீர்கள், போலீஸைக் கூப்பிடுங்கள். கதவில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்துத் திறப்பார்கள்.

முற்றத்து மரத்தில் ஏறியிருந்தால் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வைத்தியம். மரத்தடியில் கூட்டம் கலைய வேண்டும், நாய்கள் உள்ளே போக வேண்டும். இருட்டியதும் தானாக இறங்கிப் போய்விடும். குட்டி மட்டும் தெரிந்தால் தாய் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#17 வெண்மதி | டென்வில்

யாருக்குப் போன் செய்வது? எல்லாவற்றுக்கும் 911-ஆ?

#18 ஓக்மரத்தடி | நியூட்டன்

ஆளுக்கு ஆபத்து, வீட்டுக்குள் புகுதல், விரட்டியும் போகாமல் நெருங்குதல் என்றால் 911 அல்லது உள்ளூர் போலீஸ். குப்பையைக் கிளறுதல், கோழிக்கூட்டை உடைத்தல் போன்றவற்றுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் 24 மணி நேர எண் 1-877-927-6337. சும்மா தெருவைக் கடந்து போனால் அது கரடியின் இயல்பு. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒரு வாட்ஸப் செய்தி போதும்.

மாநிலத்தில் கரடிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை உடனடி ஆபத்து, அதைக் கொன்றுவிடுவார்கள். இரண்டாவது தொல்லை தரும் கரடி, அதற்கு ரப்பர் குண்டும் வெடிச்சத்தமும் காட்டிப் பயப்படுத்துவார்கள். மூன்றாவது இயல்பான கரடி. தொட்டி மூடியைச் சரியாகச் சாத்தாத ஒரு தெரு, மூன்றாம் வகைக் கரடியை இரண்டு கோடைக்குள் முதல் வகைக்குக் கொண்டுபோய்விடும். இதை நினைத்துத்தான் இவ்வளவு எழுதினேன்.

போனில் சொல்ல வேண்டியவை: குறுக்குத்தெருப் பெயர், எத்தனை மணிக்கு, குட்டி எத்தனை, எதைத் தின்றது, கூப்பிட்டதும் ஓடியதா நின்றதா, காதில் குறிப்பட்டை இருந்ததா, இருந்தால் நிறமும் எண்ணும். எண்ணைப் படிக்கக் கிட்டே போக வேண்டாம், ஜன்னல் வழியாகப் போனில் ஜூம் செய்தாலே தெரியும்.